மூடி போடாத கோபர் கேஸ் பிளாண்ட்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல சதுப்பு நிலம் பத்தி ஒரு முழுப்பக்கம் வந்திருந்துச்சு, பூநாரைங்க கூட்டமா நிக்கிற படத்தை என் பேத்தி வெட்டி நோட்டுல ஒட்டிக்கிட்டா, எல்லாம் சந்தோஷம்தான். ஆனா சதுப்பு நிலம்னாலே காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மண்ணுக்குள்ள பூட்டி வைக்கிற பெட்டகம்னு எழுதிட்டு, அந்த வரிசையில பிச்சாவரம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோட எங்க சென்னைப் பள்ளிக்கரணையையும் சேத்துட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிச்சுது. ரெண்டு நாள் யோசிச்சுட்டு, சரி எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன், நீளமாப் போனா வெட்டிக்குங்க.

நான் படிச்சது எட்டாங்கிளாஸ். ஆனா 1984ல இருந்து இருபது வருஷத்துக்கு மேல கோபர் கேஸ் பிளாண்ட், அதாவது சாணியில இருந்து அடுப்புக்கு கேஸ் எடுக்கிற தொட்டி, கட்டுற மேஸ்திரியா இருந்தவன், அப்ப தென்னாற்காடு ஜில்லா, இப்ப விழுப்புரம் கடலூர்னு பிரிஞ்சு போச்சு. இரும்பு டிரம் மேல மிதக்கிற மாடலும் கட்டியிருக்கேன், அப்புறம் வந்த தீனபந்து மாடல், பூமிக்குள்ள செங்கல்லுல குண்டானைக் கவுத்த மாதிரி இருக்கும், அதுவும் கட்டியிருக்கேன். வேலை என்னமோ சிம்பிள்தான். சாணி ஒரு பங்கு தண்ணி ஒரு பங்கு கரைச்சு உள்ள விடணும், உள்ள காத்து போகக்கூடாது, ஒரு நாப்பது நாள் கிடக்கணும், சூடு இருக்கணும். காத்தே ஆகாத ஜாதி நுண்ணுயிருங்க உள்ள இருக்கு, அதுங்க சாணியைத் தின்னுட்டு கேஸ் விடும், அதுல நூத்துக்கு 55, 60 பங்கு மீத்தேன், அதுதான் எரியற வாயு, மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு, கொஞ்சூண்டு அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற வாயு. நாலஞ்சு மாடு வச்சிருக்கிற வீட்டுக்கு 2 கன மீட்டர் பிளாண்ட், தினம் 50 கிலோ சாணி, ரெண்டு வேளை சமையலுக்குத் தாராளம். மார்கழியில கேஸ் குறையும், சித்திரையில அடுப்பு சீறும், ஏன்னா சூடு ஏற ஏற அதுங்களுக்குப் பசி ஜாஸ்தி.

ஒரு சம்பவம் சொல்றேன், விஷயமே அதுலதான் இருக்கு. கிள்ளை பக்கம், பிச்சாவரம் காட்டுக்கு ரொம்பத் தூரம் இல்லாத ஒரு ஊரு, அங்க ஒரு வீட்டுக்கு பிளாண்ட் கட்டிக் குடுத்து மூணு மாசம் ஆச்சு, அடுப்பு பத்தவே இல்ல. அந்த அம்மா என்னைப் பாக்கிறப்பெல்லாம் திட்டும், "எங்க வீட்டுல சும்மா குழி தோண்டிட்டுப் போயிட்ட, அதுல பன்னி விழுந்ததுதான் மிச்சம்"னு. டோம்ல விரிசலான்னு பாத்தேன் இல்ல, பைப்பு அடைப்பான்னு பாத்தேன் அதுவும் இல்ல. மாட்டுக்கொட்டாய் கழுவ பினாயில் ஊத்தறாங்களோன்னு கேட்டேன், பினாயில் வாங்க காசு ஏதுப்பான்னு சிரிச்சாங்க. கடைசியில சாணி கரைக்கிற தண்ணியைக் கையில எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன், கரிச்சுது. நல்ல தண்ணி தூரத்துல இருந்து குடத்துல வரணும், அதைப் போய் சாணிக்கு ஊத்துவாங்களா, வீட்டுப் பின்னால இருந்த உப்புத்தண்ணி போர்ல அடிச்சு ஊத்தியிருக்காங்க. பாதிக் குழியைக் காலி பண்ணி, பக்கத்து ஊரு பிளாண்ட்ல இருந்து ரெண்டு டிரம் பழைய கரைசலைக் கொண்டு வந்து ஊத்தி, குளத்துத் தண்ணிக்கு மாத்துனோம், ஒரு மாசத்துல நீல நிறத்துல எரிஞ்சுது. உப்புத்தண்ணி ஏன் கேஸைக் கெடுத்துச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது, கெடுக்கும்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டேன்.

காரணம் இப்ப நாலஞ்சு வருஷம் முன்னாடிதான் விளங்குச்சு. என் மருமக காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கிற பொண்ணு, அதுகிட்ட இந்தக் கதையைச் சொன்னப்ப, "மாமா, கடல் தண்ணியில ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட்ங்கிற கந்தக உப்பு இருக்கு, அதை வச்சுப் பொழைக்கிற நுண்ணுயிர் வேற ஜாதி, சேத்துல அதுங்க இருந்தா மீத்தேன் விடற ஜாதிக்குச் சாப்பாடே மிஞ்சாது"ன்னுச்சு. கல்யாண வீட்டுல முதப் பந்தியில உக்காந்தவன் பாயசம் வரைக்கும் வழிச்சுட்டுப் போயிட்டா ரெண்டாம் பந்திக்கு ரசம் கூட வராதே, அந்தக் கதைதான். கடல் உப்புல பாதி அளவு உப்பு இருந்தாலே மீத்தேன் ரொம்பக் கம்மியாயிடுமாம். முதப் பந்திக்காரன் ஏப்பம் விட்டா வர்றதுதான் அந்த அழுகின முட்டை நாத்தம். பிச்சாவரத்துல படகுல போறப்ப சேத்துல காலை வச்சா அந்த நாத்தம் குப்புன்னு வரும், டூரிஸ்ட் எல்லாம் மூக்கைப் பொத்துவாங்க, எனக்கு இப்பல்லாம் அது வந்தா பரவால்ல, இங்க உப்பு வேலை செய்யுதுன்னு தோணும்.

அலையாத்திக் காட்டைப் பெட்டகம்னு சொல்றது இதனாலதான் சரி. இலை விழுது, வேர் சாகுது, எல்லாம் காத்துப் போகாத சேத்துக்குள்ள புதையுது, மக்கறதுக்கே நூத்துக்கணக்கான வருஷம் ஆகும், சில இடத்துல ஆயிரம் தாண்டியும் அப்படியே கிடக்கும். மத்த சதுப்புல மக்கும்போது மீத்தேனா வெளிய வர்ற வழியை இங்க கடல் உப்பு பெருமளவு அடைச்சிடுது. சுத்தமா வராதுன்னு சொல்லல, கொஞ்சம் கசியும். ஆனா கணக்கு லாபம்தான். நீலக் கார்பன்னு 2009ல இருந்து உலகம் பூரா பேசறது இந்தக் கடலோரச் சமாச்சாரத்தைத்தான், அலையாத்தி, உப்புச் சேத்து நிலம், கடல்புல். நம்ம பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரை 2022ல கடல் பசுவுக்குன்னு ஒதுக்குனாங்களே, அந்த மாடு மேயறது கடல்புல்லுதான், அந்தப் புல்லுக்கு அடியிலயும் இதே வேலை நடக்குது.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். பள்ளிக்கரணைக்கு நான் பையன் வீட்டோட வந்தது 2006ல. இதைக் கழுவெளின்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. சுத்துப்பட்டுல இருக்கிற முப்பது சொச்சம் ஏரியோட உபரித் தண்ணி இங்க வந்து பரவி நின்னு, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்ல சேந்து கோவளம் முகத்துவாரத்துல கடலுக்குப் போகணும், அந்தப் பக்கமிருந்து ஓதம் (கடல் ஏத்தம்) ஏறுனா உப்பும் கொஞ்சம் உள்ள வரும், ரெண்டும் கலந்த பூமி. ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்துச்சாம், 2022ல உலக முக்கியமான சதுப்பு நிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேத்தப்ப கணக்கு 1,248 ஹெக்டேர். நடுவுல 200 அடி ரோடு குறுக்க போகுது, ஒரு ஓரத்துல பெருங்குடி குப்பைமேடு, சுத்தி வீடு, அபார்ட்மென்ட், ஆபீஸ், அதுல இருந்து எத்தனையோ வழியில சாக்கடை. ஓதம் ஏற வழி குறைஞ்சு போச்சு, உப்பு நீர்த்துப் போச்சு, கழிவு மட்டும் கூடிக்கிட்டே போகுது.

இப்ப என் தொழிலை வச்சு இதைப் பாருங்க. சாணிக்கு பதிலா மனுஷன் கழிவு. தேங்கி நிக்கிற தண்ணி. அடியில காத்துப் போகாத கறுப்புச் சேறு. சென்னை வெயில். கெடுக்கிறதுக்கு உப்பு இல்ல. நான் கொத்தனாரை வச்சு சிமெண்ட்டு கலந்து மூணு வாரம் கட்டுற பிளாண்ட்ல என்னென்ன வேணுமோ அம்புட்டும் இங்க இருக்கு சார், மூடி ஒண்ணுதான் இல்ல. மூடி இல்லாததால கேஸ் அடுப்புக்குப் போகாம நேரா மேல போகுது.

சும்மா சொல்லல, காலையில வாக்கிங் போறப்ப ரோட்டோரம் தண்ணி ஆடாம இருக்கிற இடத்துல அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, அங்கங்க காத்து முட்டை முட்டையா வரும், மீன்னு நினைச்சு கொக்கு கூட திரும்பிப் பாக்கும். ஆழமான ஏரின்னா முட்டை மேல வர்றதுக்குள்ள கொஞ்சம் தண்ணியிலயே கரைஞ்சு போகும், அதைத் தின்ற வேற நுண்ணுயிரும் தண்ணியில உண்டு, ரெண்டடி தண்ணியில அதுக்கெல்லாம் நேரம் ஏது. புயல் சின்னம் வந்து காத்தழுத்தம் இறங்கற அன்னிக்கு இன்னும் ஜாஸ்தியா வரும், சேத்தை அமுக்கிப் பிடிச்சிருந்த கை லேசா லூசான மாதிரி. அது போக சம்புப் புல்லு இருக்கு, அதோட தண்டு உள்ள பஞ்சு மாதிரி ஓட்டையா இருக்கும், வேருக்குக் காத்து கொண்டு போறதுக்காக, அதே ஓட்டை வழியா சேத்துல இருக்கிற மீத்தேன் மேல ஏறிடும், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சின மாதிரி. ஆகாயத்தாமரை தண்ணி மேல பாய் விரிச்சுட்டா கீழ காத்துப் போறது இன்னும் கம்மி, செத்து அழுகினா அதுவும் தீனி.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். அசோசியேஷன் மீட்டிங்ல எல்லாரும் நாத்தம் நாத்தம்னு கத்தறாங்க, கார்ப்பரேஷன்ல இருந்து வந்து பிளீச்சிங் பவுடர் போட்டுட்டுப் போறாங்க. மீத்தேனுக்கு நாத்தமே கிடையாதுங்க, நிறமும் கிடையாது. நம்ம வீட்டு சிலிண்டர் கேஸுக்குக் கூட தானா வாசனை இல்ல, லீக்கானா தெரியணும்னு மருந்து கலக்கறாங்க. அதனால நாத்தம் இல்லாத அன்னிக்கு கேஸ் இல்லைன்னு அர்த்தம் இல்ல. 2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பைமேடு பத்திக்கிட்டு நாள் கணக்கா எரிஞ்சுதே, ஊரே புகையில இருமுச்சே, குப்பைக்குள்ளயும் இதே சமாச்சாரம்தான், காத்துப் போகாம அமுங்கிக் கிடக்கிற அழுகல்ல மீத்தேன் ஊறிக்கிட்டே இருக்கும், ஒரு பொறி போதும்.

எங்க பாட்டி கொள்ளிவாய்ப் பிசாசு கதை சொல்லும், ராத்திரி ஏரிக்கரை பக்கம் சதுப்புல திடீர்னு நெருப்பு வாயைத் தொறக்கும், கிட்ட போனா காணாமப் போகும்னு. இத்தாலியில வோல்டான்னு ஒருத்தர், பேட்டரி கண்டுபிடிச்சாரே அவரேதான், 1776ல ஒரு ஏரியோரச் சேத்தைக் குச்சியால கிளறி, வந்த முட்டையைப் பாட்டில்ல பிடிச்சு, நெருப்பு வச்சு எரியுதான்னு பாத்திருக்காரு, மீத்தேன் உலகத்துக்குத் தெரிய வந்தது அப்படித்தான். பாட்டி பயந்ததும் அவர் பாட்டில்ல பிடிச்சதும் ஒரே பிசாசுதான்னு நான் பேத்திகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு கேப்பீங்க. ஒரு கிலோ மீத்தேன் 20 வருஷக் கணக்குல பாத்தா கரியமில வாயுவை விட 80 மடங்குக்கு மேல சூடு பிடிக்கும், 100 வருஷக் கணக்குல பாத்தாலும் ஏறக்குறைய 28 மடங்கு. சேத்துல கார்பன் சேர்றதோ வருஷத்துக்கு மில்லிமீட்டர் கணக்குல. அப்ப ஒரு கையால அரிசி அரிசியா உண்டியல்ல போட்டுட்டு இன்னொரு கையால படி படியா அள்ளி வெளிய கொட்டினா அதைச் சேமிப்புன்னு சொல்லலாமா? சாக்கடையில இருக்கிற நைட்ரஜனால நைட்ரஸ் ஆக்சைடுன்னு இன்னொண்ணும் வருது, அது 270 மடங்கு, அதுக்குள்ள நான் போகல, எனக்குப் பழக்கம் இல்லாத கேஸு. சென்னையில இருக்கிற ஆராய்ச்சிக்காரங்களே இருபது வருஷத்துக்கு மேல முன்னாடி அடையாறு, எண்ணூர், பிச்சாவரம்னு போய் அளந்து, கழிவு கலக்கிற இடத்துலதான் மீத்தேன் தூக்கலா வருதுன்னு எழுதி வச்சிருக்காங்க. அதனால நான் ஏதோ புதுசா கண்டுபிடிச்சுட்டதா நினைக்காதீங்க.

இதை எழுதறப்பவே எனக்கு ஒரு பயம் இருக்கு. பிளாட் போடறவங்க கையில இந்த லெட்டர் கிடைச்சா, பாத்தீங்களா சதுப்பு நிலமே கேஸ் விடுது, மண்ணைக் கொட்டி மூடறதுதான் உலகத்துக்கு நல்லதுன்னு கிளம்பிடுவாங்க. அவங்களுக்காகவே சொல்றேன். தண்ணியை வடிச்சுட்டா சேத்துக்குள்ள காத்துப் போகும், இத்தனை காலமா மக்காம கிடந்த கார்பன் அத்தனையும் மெதுவா கரியமில வாயுவா கிளம்பும், குப்பைக்குழியைக் கிளறி விட்டா உரம் சீக்கிரம் மக்கற மாதிரி. இந்தோனேசியாவுல சதுப்புக் காட்டை வாய்க்கால் வெட்டி வடிய விட்டு, காஞ்ச மண்ணு 2015ல பத்தி எரிஞ்சு பக்கத்து நாடு வரைக்கும் புகை போச்சே, வடிய விட்டதோட பலன் அது. அது போக 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம்லயும் எங்க தெருவுல படகு ஓடுனதை நான் திரும்ப எழுதணுமா? மிச்சம் இருக்கிற சதுப்பையும் மூடிட்டா அந்தத் தண்ணி எங்க போகும், நம்ம ஹாலுக்குத்தான்.

வைத்தியம் வேற. அமெரிக்காவுல கேப் காட்னு ஒரு கடலோரம், அங்க ஹெர்ரிங் ஆத்து வாயில கொசுவை ஒழிக்கிறோம்னு 1909ல கரை கட்டி ஓதத்தைத் தடுத்துட்டாங்க. கடல் தண்ணி வராம உள்ள நல்ல தண்ணி தேங்கி, உப்பு நிலத்துச் செடியெல்லாம் போய் சம்பு வகையறா மண்டி, இந்த மாதிரி அடைபட்ட சேத்துல இருந்து மீத்தேன் கிளம்புதுன்னு அளந்து பாத்துக் கண்டுபிடிச்சாங்க. இப்ப நூறு வருஷம் கழிச்சு கரையை எடுத்துட்டு மதகு வச்ச பாலம் கட்டி, கடலைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடற வேலை நடக்குது. மருமக படிச்சுச் சொன்னப்ப எனக்குக் கிள்ளை அம்மா ஞாபகம்தான் வந்துச்சு, அங்க உப்பு வந்து அடுப்பு நின்னுச்சு, இங்க உப்பை நிறுத்தி அடுப்பைப் பத்த வச்சிருக்கோம்.

நான் கேக்கிறது ரொம்ப இல்ல. முதல்ல சாக்கடை. அது சதுப்புல கலக்காம நிறுத்தாத வரைக்கும் வேற எது செஞ்சாலும் பிளாண்ட்டுக்கு தினம் சாணி கரைச்சு ஊத்திக்கிட்டே அடுப்பு ஏன் எரியுதுன்னு கேக்கிற கதைதான். அடுத்தது ஒக்கியம் மடுவுல இருந்து கோவளம் வாய் வரைக்கும் தண்ணி ரெண்டு பக்கமும் போய் வர வழி. வெள்ளம் வடியறதுக்கு மட்டும் தூர் வாரறாங்க, போறதை மட்டும் பாக்கிறாங்க, வர்றதையும் பாக்கணும், எந்த இடத்துக்கு எவ்வளவு உப்பு தாங்கும்னு பறவை, மீன் தெரிஞ்சவங்களை வச்சுப் பேசி முடிவு பண்ணணும், எல்லா இடத்துலயும் உப்பை ஏத்துன்னு நான் சொல்லல, அது ஏரித் தண்ணியை நம்பி இருக்கிற பூமியும் தான்.

மரக்கன்னு நடற விழா வேண்டாம்னு சொன்னா அதிகாரிங்களுக்குக் கோவம் வரும், ஆனா பிச்சாவரத்துல நடந்ததைக் கேட்டுப் பாருங்க. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து வெட்டி வெட்டி, வெட்டுன இடம் பள்ளமாகி தண்ணி தேங்கி, உப்பு எக்கச்சக்கமா ஏறி செடியே வராம கிடந்துச்சு. 90கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊரு ஜனங்களும் சேந்து முதல்ல செஞ்சது வாய்க்கா வெட்டுனதுதான், நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் சாய்வா கிளை, மீன் முள்ளு மாதிரி. ஓதம் உள்ள போய் வர ஆரம்பிச்ச பிறகு நட்டாங்க, அப்பதான் காடு வந்துச்சு, 2004 சுனாமியில அந்தக் காட்டுக்குப் பின்னால இருந்த ஊருங்க தப்பிச்சதும் எல்லாருக்கும் தெரியும். முதல்ல வாய்க்கா, அப்புறம் கன்னு. போட்டோவுக்கு கன்னு நல்லா இருக்கும், வாய்க்கா நல்லா இருக்காது, அதுதான் பிரச்சனை.

நெல்லு வயல்லயும் இதே கணக்குதான், தண்ணி கட்டியே வச்சா அடிச் சேறு கேஸ் விடும். காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டுன்னு எங்க அப்பா சொன்னதைத்தான் இப்ப மீத்தேன் குறைக்கிற வழின்னு உலகம் பூரா சொல்லிக் குடுக்கறாங்க. அவர் சொன்னது மோட்டார் கரண்ட்டை மிச்சம் பிடிக்க.

கடைசியா ஒண்ணு. கார்பன் பெட்டகம்னு பலகை வைக்கிறதா இருந்தா, உள்ள எவ்வளவு போகுது வெளிய எவ்வளவு வருதுன்னு ரெண்டையும் அளந்து அதே பலகையில எழுதட்டும், மாசா மாசம். அளக்கிறது ராக்கெட் வேலை இல்ல, அடி இல்லாத டப்பாவைத் தண்ணி மேல கவுத்து வச்சு, கொஞ்ச கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் உள்ள இருக்கிற காத்தை சிரிஞ்சுல எடுத்து லேப்ல குடுத்தா மீத்தேன் எவ்வளவுன்னு சொல்லிடுவாங்க. காலேஜ் பசங்களே செய்யலாம். எங்க வீட்டு மாடியில பழைய பிளாண்ட்டோட கேஸ் வால்வு ரெண்டு, ரப்பர் டியூப் ஒரு சுருள், வெட்டுன இரும்பு டிரம் ஒண்ணு இன்னும் கிடக்கு, மருமக பழைய இரும்புக்குப் போடச் சொல்லுது, நான்தான் தரல. யாராவது ஆபீசரோ வாத்தியாரோ வந்தா தூக்கிட்டு வந்துடறேன், எந்த இடத்துல முட்டை ஜாஸ்தி வருதுன்னு எனக்குத் தெரியும். காலையில ஆறு மணிக்கு வந்தா நல்லது, வெயில் ஏறிட்டா எனக்கு முட்டி வலிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாண எரிவாயு மேஸ்திரி,
பள்ளிக்கரணை.